டவுன்டவுனைத் திரும்ப எழுப்பணும், கீழ கடை மேல வீடு: காசுக்கு என்ன வழி, எதுல ஆரம்பிக்கிறது?

நடுத்தெரு

எல்லாருக்கும் வணக்கம். ஜனத்தொகை அம்பதாயிரத்துக்குள்ள இருக்கற ஒரு சின்ன நகரம், அதோட டவுன்டவுனை, அதாவது ஊர் நடுவுல இருக்கற கடைத்தெருப் பகுதியை, என்ன பண்ணலாம்னு யோசிக்க ஒரு குழு போட்டிருக்காங்க, அதுல மக்கள் சார்பா நானும் இருக்கேன். நான் பிளானரும் இல்ல, பேங்க்ல வேலை பாத்தவளும் இல்ல, ஆனா அந்த நாலு தெரு திரும்பப் பழையபடி ஆகணும்னு மனசார ஆசைப்படறேன்.

நிலைமை இதுதான். கடைகள்ல பாதிக்கு மேல ஷட்டர் இறக்கிக் கெடக்கு, மேல்மாடி எல்லாம் வருஷக்கணக்கா காலி, நட்ட நடுவுல நகராட்சிக்குச் சொந்தமான ஒரு பெரிய பார்க்கிங் நிலம். இப்ப ஒரு டெவலப்பர் வந்திருக்கார், அந்த நிலத்துல ஆறு மாடி, கீழ நாலு பக்கமும் கடை, மேல அபார்ட்மென்ட், பின்னால அடுக்கு பார்க்கிங், நிலத்தை சும்மா குடுத்துடுங்க, 20 வருஷத்துக்கு வரிச்சலுகை குடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்னு சொல்றார். வரைபடம் பாக்க ரொம்ப அழகா இருக்கு, குழுவுல பாதி பேர் இப்பவே கையெழுத்து போட ரெடி. எனக்குத்தான் வயித்தைக் கலக்குது. இவர் கேக்கறது நியாயமா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சிக்கறது? பின்னால வரப்போற வரியை வெச்சு இப்பவே கடன் வாங்கலாம்னு ஒருத்தர் சொல்றாரே அது சரியா வருமா? ஏற்கனவே அங்க கடை வெச்சிருக்கறவங்க கதி என்ன? அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க ப்ளீஸ்.

வரவுசெலவு

மேடம், நீங்க பயப்படறது சரிதான், கையெழுத்தை நிறுத்தி வைங்க. நான் இந்த மாதிரி கட்டடங்களுக்கு லோன் பாக்கற வேலையில ரொம்ப நாள் இருந்தவன், அதனால படத்தை விட்டுட்டு கணக்குல இருந்து ஆரம்பிக்கறேன்.

மொத்தச் செலவு 100னு வைங்க. வருஷத்துக்கு வாடகை 9.5 வருது, அதுல காலியா கெடக்கற நாள், வரி, இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் போக கையில நிக்கறது 6.5. பேங்க் காரன் இந்த 6.5 முழுசையும் தவணைக்கு எடுத்துக்க விடமாட்டான், தவணையைப் போல ஒண்ணேகால் மடங்கு வருமானம் இருக்கணும்பான், அப்ப தவணைக்குப் போறது 5.2 தான். வட்டியும் அசலும் சேத்து வருஷத்துக்கு 8 சதவீதம்னா 65 வரைக்கும் லோன் கெடைக்கும். மிச்சம் நிக்கற 1.3ல, போட்ட காசுக்கு 10 சதவீதம் வேணும்னு கேக்கற முதலீட்டாளர் 13 போடுவார். 65ம் 13ம் 78. மீதி 22 யார்கிட்டயும் இல்ல. அந்த 22தான் பள்ளம். பொதுப்பணம் அந்தப் பள்ளத்தை மூடறதுக்கு மட்டும்தான் போகணும், அதுக்கு மேல ஒரு காசு போனாலும் அது டெவலப்பரோட லாபத்துல போய் சேரும்.

அதனால நீங்க முதல்ல கேக்க வேண்டியது அவரோட முழு கணக்குத்தாளை, எக்செல்லாவே குடுங்கன்னு கேளுங்க, பிடிஎஃப் வேண்டாம், ஏன்னா பிடிஎஃப்ல வாடகையைக் கொஞ்சம் ஏத்தி வட்டியைக் கொஞ்சம் இறக்கிப் பாக்க முடியாது. நகரம் தன் செலவுல ஒரு தனி ஆளை வெச்சு அதை சரிபாக்கணும். நிலத்தோட மதிப்பு எவ்ளோ, 20 வருஷ வரிச்சலுகையை இன்னைக்குக் காசா கணக்குப் போட்டா எவ்ளோ, ரெண்டையும் கூட்டிப் பாருங்க, பள்ளம் 22ஆ இருக்க அவர் கேக்கறது 35ஆ இருந்தா அந்த 13 எதுக்குன்னு அவர் வாயாலயே சொல்லட்டும். கணக்குத்தாளே தரமாட்டேன்னா அங்கயே பேச்சு முடிஞ்சது.

இன்னொண்ணு, அந்த அடுக்கு பார்க்கிங்கைப் பாருங்க. இந்த மாதிரி புராஜெக்ட்ல பள்ளத்தைத் தோண்டறதே பாதி நேரம் அதுதான், ஏன்னா அதுக்கு ஆகற செலவை அதோட வாடகை தூக்கவே தூக்காது. ஆஃபீஸ் ஆளுங்க பகல்ல நிறுத்தற இடத்துல குடியிருக்கறவங்க ராத்திரி நிறுத்தலாம், இருக்கற பார்க்கிங்கை அப்படிப் பங்கு போட்டா புதுசா கட்டவேண்டியது கொறையும். செலவு 100ல இருந்து 88க்கு வந்தா போதும், வாடகை அப்படியே இருந்தா உங்க 22 பத்தா ஆயிடும்.

அப்புறம் வரப்போற வரியை வெச்சு கடன். அமெரிக்காவுல இதுக்கு டாக்ஸ் இன்கிரிமென்ட் ஃபைனான்ஸிங்னு பேர், கலிஃபோர்னியாவுலதான் 1952ல ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அந்தப் பகுதியில வர்ற வரியை அப்படியே உறைய வெச்சிடுவாங்க, நாளைக்கு மதிப்பு ஏறி கூடுதலா வர்ற வரி மட்டும் தனிக் கணக்குல விழும், அதைக் காட்டி இன்னைக்கே பாண்ட், அதாவது கடன் பத்திரம், போட்டு ரோடு, சாக்கடை, பார்க்கிங்னு செலவு பண்ணுவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்தக் கூடுதல் வரியில பள்ளிக்கூடத்துக்கும் கவுன்ட்டிக்கும் (நம்ம மாவட்ட நிர்வாகம் மாதிரி) போகவேண்டிய பங்கும் இருக்கு, அதுதான் கடைசியில கலிஃபோர்னியாவுல வெடிச்சது, 2011ல சட்டம் போட்டு 2012 பிப்ரவரி 1ஆம் தேதியோட இந்த வரியை வெச்சு வேலை செஞ்சிட்டிருந்த 400க்கும் மேல மறுமேம்பாட்டு ஏஜென்சி அத்தனையையும் இழுத்து மூடிட்டாங்க. கட்டடம் லேட்டாச்சு, வரி ஏறலன்னா பாண்ட் வட்டியை யார் கட்டறது? சின்ன நகரத்துக்கு அது கையைக் கடிச்சிடும். செஞ்சே ஆகணும்னா டெவலப்பர் முதல்ல தன் காசைப் போடட்டும், கூடுதல் வரி நிஜமா வர வர அதுல ஒரு பங்கை அவருக்குத் திருப்பிக் குடுங்க. வரலன்னா நஷ்டம் அவரோட போகும், நகரம் கடன்ல மாட்டாது.

நிலத்தை விக்காதீங்க, சும்மாவும் குடுக்காதீங்க, நீண்டகால குத்தகைக்கு விடுங்க. கட்டடம் சுமாரா ஓடினா கொஞ்சம் வாடகை, பிரமாதமா ஓடினா லாபத்துல பங்குன்னு எழுதிக்கோங்க.

தெருவோரம்

வரவுசெலவு சார் பணத்தைச் சொல்லிட்டார், நான் பிளானிங் பக்கம் வர்றேன் அக்கா.

நாலு பக்கமும் கடைன்னு போட்டிருக்காரே, அதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். பாதி ஷட்டர் மூடிக் கெடக்கற இடத்துல இன்னும் இவ்ளோ கடை கட்டினா யார் வருவாங்க? கடைக்கு முன்னாடி ஆள் வேணும், ஆளுக்கு முன்னாடி வீடு வேணும். கடையை மெயின் ரோடு பக்கமும் ரெண்டு மூலையிலயும் மட்டும் கட்டாயமாக்குங்க, மத்த பக்கம் வீட்டு வாசலோ ஆஃபீஸோ எதுவா வேணா இருக்கட்டும், ஆனா தரைத்தள உயரத்தை மட்டும் கடை அளவுக்கு வெச்சுக் கட்டச் சொல்லுங்க, பத்து வருஷம் கழிச்சு கூட்டம் வந்தா அப்ப கடையா மாத்திக்கலாம். எல்லாப் பக்கமும் கண்ணாடி போட்டு உள்ள ‘வாடகைக்கு’ போர்டு தொங்கினா தெரு இன்னும் செத்த மாதிரி தெரியும்.

ரெண்டாவது, அந்தக் காலி மேல்மாடிகள். புது ஆறு மாடி எழும்ப நாலஞ்சு வருஷம் ஆகும், பழைய மேல்மாடியைத் தொறக்க அவ்ளோ நாள் வேண்டாம். நான் ஒரு தடவை இந்த மாதிரி ஒரு ரெண்டு மாடிக் கட்டடத்துக்குள்ள போனேன், கடையோட பின்பக்கம் அட்டைப்பெட்டிகளை நகத்தினாதான் படிக்கட்டே தெரிஞ்சுது, ஏறிப் போனா மேல எவ்ளோ பெரிய ஜன்னல், தேக்கு மாதிரி பலகைத் தரை, தூசியில என் செருப்புத் தடம் மட்டும். வீட்டுக்காரர் ஏன் வாடகைக்கு விடலன்னு கேட்டா, உபயோகத்தை வீடுன்னு மாத்தினதும் ரெண்டாவது படிக்கட்டு கேக்கறாங்க, தீப்பிடிச்சா தண்ணி தெளிக்கற ஸ்ப்ரிங்க்ளர் கேக்கறாங்க, வீட்டுக்கு ஒரு கார் நிறுத்த இடம் கேக்கறாங்க, நான் எங்க போவேன்னார். கார் நிறுத்த இடம் கட்டாயம்ங்கற விதியை எடுக்கறதுக்கு நகரத்துக்கு ஒரு காசு செலவில்ல. அர்க்கன்ஸாவுல ஃபயட்வில் 2015லயே வணிகக் கட்டடங்களுக்கு அந்தக் கட்டாயத்தை எடுத்துட்டாங்க. ஸ்ப்ரிங்க்ளருக்கும் தண்ணி லைனுக்கும் மட்டும் நகரம் ஒரு சின்ன மானியம் குடுத்தா பத்து மேல்மாடி தொறக்கும். ஆறு மாடிக்குக் குடுக்கற சலுகையில ஒரு துளிதான் அது. சிறுகக் கட்டிப் பெருக வாழ்னு நம்ம ஆளுங்க சொன்னது இங்க அப்படியே பொருந்தும்.

மத்த குழு உறுப்பினர்கள் பெரிசு பெரிசுன்னு கேட்டா ஆஷ்வில் கணக்கை எடுத்துக் காட்டுங்க, வட கரோலினாவுல. ஜோ மினிகோஸின்னு ஒருத்தர் ஏக்கருக்கு எவ்ளோ சொத்துவரின்னு கணக்குப் போட்டார். டவுன்டவுனுக்கு வெளிய 34 ஏக்கர்ல இருந்த வால்மார்ட் ஏக்கருக்கு 6,500 டாலர் கட்டினது, டவுன்டவுன்ல பழைய கடைக் கட்டடம் ஒண்ணை கீழ கடை மேல ஆஃபீஸ் வீடுன்னு மாத்தினாங்க, அது நிக்கறது ஒரு ஏக்கர்ல அஞ்சுல ஒரு பங்குகூட இல்ல, ஆனா ஏக்கர் கணக்குல பாத்தா 6,34,000 டாலர். ரோடும் பைப்பும் நகரத்தோட செலவு, அப்ப எந்த நிலம் தன் செலவைத் தானே தூக்குதுன்னு பாக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியல.

தெருவும் முக்கியம். தென் கரோலினாவுல கிரீன்வில் 1970கள் கடைசியில மெயின் ஸ்ட்ரீட்டை நாலு லேன்ல இருந்து ரெண்டாக் குறைச்சாங்க, மரம் வெச்சாங்க, சாய்வா பார்க்கிங் போட்டாங்க. 1982ல ஒரு முனையில நகரமும் தனியாரும் சேந்து ஹோட்டல், 1990ல இன்னொரு முனையில கலையரங்கம், 2004ல அருவி மேல நடைபாலம். நடுவுல கடைகள் தானா நிரம்பிச்சு. எவ்ளோ வருஷம்னு பாருங்க, கால் நூற்றாண்டு. அதுக்காக காரே வரக்கூடாதுன்னு தெருவை மூடிடாதீங்க, மிச்சிகன்ல கலமஸூங்கற ஊர்ல 1959ல அப்படி மூடினாங்க, 1998ல ஒரு பகுதியைத் திரும்பக் காருக்குத் தொறக்கவேண்டியதாச்சு. நடந்து வர்ற தூரத்துல போதுமான ஜனம் குடியிருந்தாதான் அது நிக்கும்.

பழைய வாடகைதாரர்

இவங்க ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க, கடைக்காரங்க கதி என்னன்னு கேட்டீங்களே அதுக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், ஏன்னா அதை அனுபவிச்சவன்.

எங்க தெருவுல இதே மாதிரி வேலை நடந்துது, எட்டு மாசம்னாங்க, ரெண்டு வருஷத்தைத் தாண்டிச்சு. கடைக்கு முன்னாடி தகர ஷீட் அடிச்சுட்டாங்க, வாசலுக்கு வர ஒரு பலகை போட்டாங்க, மழை பெஞ்சா பலகை வழுக்கும், வயசானவங்க அந்தப் பக்கம் நின்னு கையை ஆட்டி என்ன வேணும்னு கேப்பாங்க, நான் எடுத்துட்டுப் போய் குடுப்பேன். அப்புறம் அவங்களும் வரல. வாடகையில ஒரு பைசா குறைக்கல, வேலை முடிஞ்சதும் புது வாடகைன்னு ரெண்டரை மடங்கு கேட்டாங்க, நான் காலி பண்ணிட்டேன். திரும்ப வரலாம்னு வாயால சொன்னாங்க, எழுத்துல எதுவும் இல்ல. இன்னும் அந்தத் தெரு வழியா போகமாட்டேன்.

அதனால எழுத்துல வாங்குங்கம்மா. வேலை நடக்கற காலத்துக்கு வாடகைக் குறைப்பு, தற்காலிகமா கடை போட பக்கத்துல இடம், முடிஞ்சதும் பழைய ஆளுக்கு முதல் உரிமை, முதல் மூணு வருஷத்துக்கு வாடகை இவ்ளோதான் ஏறலாம்னு வரம்பு. சின்னச் சின்னக் கடையா கட்டச் சொல்லுங்க, பெரிய பெரிய ஹாலா கட்டினா எங்களால எடுக்க முடியாது. தெருவை ஒரேயடியா தோண்டாம ஒரு பக்கம் முடிச்சு மறுபக்கம் போகச் சொல்லுங்க. பொதுப்பணம் கேட்டு வர்ற டெவலப்பர்கிட்ட இதெல்லாம் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, காசு குடுத்த பிறகு கேட்டா யாரும் காது குடுக்கமாட்டாங்க.

நடுத்தெரு

மூணு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பழைய வாடகைதாரர் ஐயா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல, அந்தப் பலகை கண்ணு முன்னாடியே நிக்குது. நீங்க சொன்ன எல்லா விஷயத்தையும் அப்படியே குழுவுல வைக்கறேன்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். தெருவிளக்கு, மரம், சுத்தம் பண்றது, இதுக்கெல்லாம் வருஷா வருஷம் காசு வேணுமே, கட்டி முடிச்சதும் அதை யார் பாக்கறது?

வரவுசெலவு

நல்ல கேள்வி, இதை மறந்துதான் நிறைய இடத்துல ரெண்டாவது வருஷமே மரம் காயுது. கடைக்காரங்களும் கட்டடச் சொந்தக்காரங்களும் தங்களுக்குத் தாங்களே கொஞ்சம் கூடுதல் வரி போட்டுக்கிட்டு அந்தக் காசை அந்தத் தெருவுலயே செலவழிக்கற ஏற்பாடு இருக்கு. உலகத்துலயே முதல்ல 1970ல டொரான்டோவுல புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைக்காரங்க ஆரம்பிச்சது, மாலுக்குப் போற கூட்டத்தைத் திரும்ப இழுக்கணும்னு. விளக்கு, பூந்தொட்டி, பெஞ்ச், விழா எல்லாம் அதுல நடக்கும். ஆனா பாதி ஷட்டர் மூடிக் கெடக்கும்போது இந்த வரியைப் போட்டா எல்லாரும் எதிர்ப்பாங்க, அதனால முதல் மூணு வருஷம் நகரம் ஏத்துக்கிட்டு, கடைகள் நிரம்பின பிறகு மெதுவா அவங்க கைக்கு மாத்துங்க. ஒப்பந்தத்துலயே டெவலப்பர் கட்டடம் இதுல சேரணும்னு எழுதிடுங்க, அதை விட்டுடாதீங்க.

தெருவோரம்

இதோட ஒண்ணு சேத்துக்கறேன். 1977ல அமெரிக்காவுல பழைய கடைத்தெருக்களைத் திரும்ப எழுப்பற மெயின் ஸ்ட்ரீட் திட்டத்தை கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ்னு மூணு சின்ன ஊர்ல சோதனையா ஆரம்பிச்சப்ப ஊருக்கு ஒரு முழுநேர மேனேஜரை வெச்சாங்க. நகரத்துக்கு வேற எதுக்கும் காசில்லனாலும் அந்த ஒரு சம்பளத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்க அக்கா. காலி கடைச் சாவி யார்கிட்ட இருக்கு, எந்த வீட்டுக்காரர் விக்க ரெடி, யாருக்கு பர்மிட் எங்க மாட்டியிருக்குன்னு தெரிஞ்ச ஒரு ஆள் தெருவுல நடந்துட்டே இருக்கணும்.

நடுத்தெரு

சரி தம்பி, அதையும் சேத்துட்டேன். டெவலப்பருக்கு எக்செல் கேட்டு இன்னைக்கே மெயில் போட்டாச்சு. சனிக்கிழமை காலையில குழுவுல ரெண்டு பேரைக் கூட்டிட்டு ஒரு டேப்போட நாலு தெருவையும் நடக்கப் போறேன், எந்த மேல்மாடிக்குப் படிக்கட்டு எங்க இருக்கு, எவ்ளோ அகலம், தண்ணி லைன் இருக்கான்னு ஒவ்வொண்ணா எழுதிட்டு வந்து இங்கயே போடறேன்.