வின்சென்ட் பிளாக் ஷேடோ: எண்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பல வருடத் தேடலுக்குப் பிறகு, 1950ஆம் ஆண்டு வின்சென்ட் பிளாக் ஷேடோ என்று சொல்லி ஒரு பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் விலைக்கு வந்திருக்கிறது. 998 சிசி வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்), கருப்புப் பூச்சு எஞ்சின், மணிக்கு 150 மைல் வரை காட்டும் அந்தப் பெரிய ஸ்பீடோமீட்டர், எல்லாம் இருக்கிறது. பார்த்ததிலிருந்து தூக்கமே வரவில்லை.

ஆனால் வின்சென்டின் சாதாரண மாடலான ரேப்பிட்டுக்குக் கருப்பு பூசி, ஸ்பீடோமீட்டரை மாற்றி, ஷேடோ என்று விற்பது உண்டு. அதனால் முதலில் எண்களைப் பார்த்தேன். ஷேடோ எஞ்சின் எண்ணில் '1பி' இருக்க வேண்டும், இருக்கிறது. மேல் ஃபிரேம் எண்ணும் பின் ஃபிரேம் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல்: பின்னால் கடைசி இரண்டு இலக்கங்கள் வேறு. அந்த இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த மாதிரியும் தெரிகிறது. பழைய விபத்தில் பின்பகுதியை மாற்றியிருக்கலாம் என்கிறார் விற்பவர்.

இது நம்பக்கூடியதா? கிராங்க்கேஸின் (எஞ்சினின் அடிப்பகுதிக் கூடு) இரண்டு பாதிகளும் ஒரே ஜோடிதானா என்று எஞ்சினைப் பிரிக்காமல் எங்கே பார்ப்பது? அப்புறம், தொழிற்சாலைப் பதிவோடு எண்களை ஒப்பிட்டு வாங்கிய அனுபவம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்க்கப் போகிறேன், அதற்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி.