பாசி வளர்த்தால் கார்பன் பணம் தருகிறார்களாம், கையெழுத்துப் போடலாமா?

முனைக்காட்டு மகள்:
எங்கள் ஊர் மண்டபத்துக்கு மேற்கே, வடகடல் (பாக் நீரிணை) பக்கம். அம்மா மகளிர் குழுவில் பாசி போடுகிறார். மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி, விதைப்பாசியை முடிந்துவிட்டு, 45 நாளில் அறுத்துக் காயவைத்துக் கொடுப்பார்கள். போன வாரம் ஒரு நிறுவனத்து ஆள் வந்தார். பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவைப் பாசி உறிஞ்சுகிறது, அந்தக் கணக்கை வெளிநாட்டில் கார்பன் கிரெடிட்டாக விற்று உங்களுக்கும் பங்கு தருவோம், 10 வருடத்துக்கு ஒப்பந்தம் என்றார். தாள் முழுக்க ஆங்கிலம். எவ்வளவு பங்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

ஏப்ரல், மே வந்தால் தண்ணீர் கொதித்துப் பாசி வெளுத்து உதிர்ந்துவிடுகிறது. அம்மா சொல்கிறார்: "இந்தச் சூடு குறையும் என்றால் காசு வாங்காமலேகூடச் செய்யலாம்." உண்மையிலேயே குறையுமா?

தங்கச்சிமடத்தான்:
தங்கச்சி, பாசி எப்படியும் போடத்தானே போகிறீர்கள். மேலே நாலு காசு வந்தால் நல்லதுதானே? போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

மோர்ப்பண்ணை டீச்சர்:
தம்பி, அவசரப்பட வேண்டாம். நான் வேதியியல் டீச்சர், கடற்கரையில் பிறந்தவள். என் வகுப்பில் பிள்ளைகளோடு போட்ட கணக்கையே இங்கே எழுதுகிறேன்.

ஒரு தெப்பத்தில் ஒரு அறுப்புக்குப் புதிதாக வளர்வது 200 கிலோ பச்சைப்பாசி என்று வையுங்கள். காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 கிலோ. அதில் கார்பன் தோராயமாக நாலில் ஒரு பங்கு, அதாவது 5 கிலோ. ஒரு கிலோ கார்பனுக்கு 3.67 கிலோ கரியமில வாயு. ஆக ஒரு தெப்பம் 45 நாளில் பிடித்து வைப்பது சுமார் 18 கிலோ. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட 2.7 கிலோ வாயு வருகிறது. ஏழு லிட்டர் டீசலுக்குள் அந்தத் தெப்பத்தின் உழைப்பு முடிந்துவிடுகிறது.

அதுவும் நிலைத்து நிற்காது, மகளே. காய்ந்த பாசி ஆலைக்குப் போய்க் கேராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் ஆகிறது. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்க்கிறார்கள். தின்றதும் கழுவியதும் சிதைந்து, பிடித்த வாயு மறுபடி காற்றுக்கே போய்விடும். வங்கியில் போட்ட பணத்தை அடுத்த மாதமே எடுத்துவிட்டு, இன்னும் இருப்பதாகக் கணக்குக் காட்டலாமா?

இன்னொன்று. வடகடலில் இந்தப் பாசி 2000-களின் தொடக்கத்திலிருந்தே வளர்கிறது. ஏற்கெனவே நடக்கிற வேலைக்குக் கிரெடிட் எழுதினால் காற்றில் புதிதாக ஒன்றும் குறையாது. ஆனால் அதை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, "நாங்கள் ஈடு செய்துவிட்டோம்" என்று தன் புகையைத் தொடரும். அம்மாவின் கையெழுத்து அந்தப் புகைக்குத் துணை போகக் கூடாது என்பதுதான் என் கவலை. பாசித் தொழிலை நான் குறை சொல்லவே இல்லை. பெண்கள் கையில் சொந்தக் காசு புரளவைத்த தொழில் அது.

நம் கடலில் கார்பனை நிஜமாகப் பிடித்து வைப்பது தாழைதான். ஆவுளியா (கடற்பசு) மேய்கிற அந்தக் கடற்புல்லின் அடியில் காற்றுப் புகாத சேறு இருக்கிறது. அங்கே புதைந்த வேரும் சருகும் எளிதில் மக்காது, நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். காரங்காட்டு அலையாத்திக் காட்டுச் சேறும் அப்படித்தான். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை தாழையைச் சுரண்டிக்கொண்டு போகும்போது மீன்குஞ்சு மட்டுமா அழிகிறது, சேர்த்து வைத்த கார்பனும் கலங்கி வெளியேறுகிறது. தாழையைக் காக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்குக் காசு கொடுக்க ஒருவர் வந்தால் நானே முன்னால் நிற்பேன்.

முனைக்காட்டு மகள்:
நன்றி டீச்சர். அப்படியென்றால் சூடு குறைய நம் பக்கம் எதுதான் கணக்கில் வரும்?

கமுதி மின்வேலை:
நான் கூரை சோலார் மாட்டுகிறவன். டீச்சர் கணக்கிலேயே சொல்கிறேன். நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வாயு. நம் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், 45 நாளில் 180 யூனிட். பத்துத் தெப்பத்துக்குச் சமம். அந்த நிலக்கரி எரியாமலே கிடக்கும், பாசி பிடித்த வாயு போல மறுபடி காற்றுக்கு வராது. எங்கள் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் நிலையத்தைப் பாருங்கள், அளவு புரியும்.

ஒன்றிய அரசு மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000. ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன்: இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் மீனவர் வீடு பலவற்றுக்குக் கூரை சோலாரால் பெரிய மிச்சம் கிடையாது. ஐஸ் கம்பெனிகளைப் பாருங்கள். ராப்பகலாக மின்சாரம் இழுக்கும் இடம் அது. கூரையும் பெரிசு. அங்கே மாட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மோர்ப்பண்ணை டீச்சர்:
கமுதித் தம்பி சொன்னதோடு உப்பூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊருக்குப் பக்கம் 800 மெகாவாட் அலகுகள் இரண்டு, நிலக்கரியில் வருவதாக இருந்தது. 2021-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. வழக்குப் போட்டு அலைந்தது இந்தப் பக்கத்து மக்கள்தான். எரியாத அந்த நிலக்கரிக்கு யாரும் கிரெடிட் தரவில்லை.

மகளே, அந்த ஆள் மறுபடி வந்தால் குழுவில் எல்லோரும் இருக்கும்போது கேளுங்கள். தாளைத் தமிழில் கொடுப்பாரா? ஒரு டன் கரியமில வாயுவுக்கு என்ன விலை, அதில் குழுவுக்கு எத்தனை ரூபாய்? அறுத்த பாசி எங்கே போகிறது என்பதைக் கணக்கில் எடுத்தாரா? ஏப்ரலில் பாசி செத்தால் யார் பொறுப்பு? நடுவில் வேறு ஆளுக்குப் பாசி விற்கலாமா? கடைசிக் கேள்வி முக்கியம். பத்து வருடம் ஒரே ஆளிடம் மாட்டிக்கொண்டால் விலையும் அவர் வைத்ததுதான்.

தங்கச்சிமடத்தான்:
அந்தக் கடைசிக் கேள்வியை நான் யோசிக்கவில்லை டீச்சர். எங்கள் பக்கத்துக் குழுக்களுக்கும் இதை அனுப்புகிறேன்.

முனைக்காட்டு மகள்:
அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம். தமிழில் தாள் வரும்வரை யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று இப்போதே பேசிவைத்துவிட்டார்கள்.