பரினாக்கோட்டா மலைப் பக்கம் போனவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. வட சிலியில், பொலிவியா எல்லையில் இருக்கும் பரினாக்கோட்டா எரிமலையை அப்பாவோடு போய்ப் பார்க்க ஆசை. உயரம் 6,300 மீட்டருக்கு மேல். ஏறப் போவதில்லை, அடிவாரத்துச் சுங்கரா ஏரிக்கரையில் நின்று பார்த்தாலே போதும். அய்மாரா மொழியில் 'பரினா' என்றால் பூநாரை, 'கோட்டா' என்றால் ஏரி. மலைக்கே ஏரியின் பெயர்! நான் பார்த்த ஒரு படத்தில் பனிமுடி தண்ணீரில் தலைகீழாகத் தெரிய, கரையோரம் பெரிய கருநிற நாமக்கோழி ஒன்று பாசியைக் குவித்துக் கட்டிய கூட்டில் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து இதே நினைப்புதான்.

கவலை உயரம்தான். கடற்கரை நகரமான அரிக்கா கடல்மட்டத்தில் இருக்கிறது, ஏரியோ 4,500 மீட்டருக்கு மேல். ஒரே நாளில் கூட்டிப்போய்த் திரும்புகிற சுற்றுலாக்கள் உண்டு, ஆனால் அப்பாவுக்கு 63 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். வழியில் 3,500 மீட்டரில் உள்ள புத்ரே கிராமத்தில் இரண்டு இரவு தங்கினால் உடம்பு பழகிவிடுமா? டாக்டரிடமும் கேட்போம், இருந்தாலும் பெரியவர்களோடு போய்வந்தவர்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவி. அப்புறம், ஜனவரி, பிப்ரவரியில் அங்கே மழை என்பதால் மே அல்லது அக்டோபர் யோசிக்கிறோம். எது நல்லது?