ரெட் காயின் மட்டும் கலர்ல வேணும்

*வாட்ஸ்அப் குரூப்: நம்ம சந்து, காசிமேடு*

கேரம் தம்பி, மாலை 6:41
[படம்]
[படம்]
ஸ்டுடியோ அண்ணே, கேரம் டோர்னமென்ட் பேனருக்கு இந்த போட்டோ தான். ரெட் காயின் மட்டும் சிவப்பா நிக்கணும், மத்தது பூரா பிளாக் அண்ட் ஒயிட். லைட்ரூம் ஆப்ல கலர், மிக்ஸ்னு போயி ரெட் தவிர மீதி ஏழு கலரோட சாச்சுரேஷனையும் (கலர் அடர்த்தி) மைனஸ் 100 வெச்சுட்டேன். ரெண்டாவது படம் பாருங்க, இன்னாவோ மாதிரி கீது

ஸ்டுடியோ அண்ணன், 6:48
பாத்தேன்டா. மூணு இடத்துல கெட்டுக்கீது.
பேஸ் லைன் வட்டம் சிவப்பாவே நிக்குது.
ஸ்ட்ரைக்கர் அடிக்கிற கை வெரல் முட்டி, நகம் ரோஸா தெரியுது.
போர்டு மரத்துல செம்மண் தெளிச்சா மாதிரி பொட்டு பொட்டா.

ஸ்டுடியோ அண்ணன், 6:50
அந்த கலர் மிக்சருக்கு அது காயின்னு தெரியாது. சிவப்புன்னு மட்டும் தான் தெரியும். போர்டுல பேஸ் வட்டம் 8, அத்தனையும் சிவப்பு. படத்துல எத்தினி விழுந்துதோ அத்தினியும் நிக்கும். நடு வட்டமும் சிவப்பு, ஆனா உன் படத்துல காயின் அது மேலயே ஒக்காந்துக்கினு இருக்கறதால தப்பிச்ச

கேரம் தம்பி, 6:51
வட்டம் சரி. மரம் எப்டிண்ணே சிவப்பாவும்? அது மஞ்சள் தானே

ஸ்டுடியோ அண்ணன், 6:55
மரம் ஆரஞ்சுல ஒக்காரும், நம்ம தோலும் ஆரஞ்சுல தான் ஒக்காரும். ரெட்டும் ஆரஞ்சும் பக்கத்து பக்கத்து வூடு, நடுவுல சுவரு கிடையாது. மஞ்ச பல்பு வெளிச்சத்துல எடுத்திருக்க, அதுல மரம் கொஞ்சம் ரெட் பக்கம் சாஞ்சுக்குது. ரெட்ட தொடல, அதனால சாஞ்ச இடம் மட்டும் கலரோட நின்னுட்ச்சு.
மொதல்ல ஒயிட் பேலன்ஸ சரி பண்ணு, அதாவது வெள்ளை வெள்ளையாவே தெரியணும். வெள்ளை எதுன்னு தொட்டுக் காட்டற ஐட்ராப்பர எடுத்து வெள்ளைக் காயின் மேல வெக்காத, அது மரக்கலர். பின்னாடி சுண்ணாம்பு செவுரு கீது பாரு, நெழல் விழாத இடமா பாத்து அதுல வெய்யி. அப்புறமா மிக்சருக்கு வா. பொட்டுல பாதி தானா போயிடும்

மூணாவது மாடி அக்கா, 6:57
தம்பி ரெட் சாச்சுரேஷன ஏத்தியும் வெச்சிருக்கான் போல. காயின் ஓரம் வெடிக்குது

கேரம் தம்பி, 6:58
பிளஸ் 60க்கா

மூணாவது மாடி அக்கா, 7:02
அடப்பாவி. 15 தாண்டாத. ஜேபிஜி போட்டோ ஃபைல்ல வெளிச்சம் எல்லா பிக்சலுக்கும் தனித்தனியா பதியும், ஆனா கலர் அப்படி இல்ல. போன் எடுக்கிற படத்துல பெரும்பாலும் நாலு பிக்சலுக்கு சேத்து ஒரு கலர் தான். அதனால காயினோட சிவப்பு எப்பவுமே ஒண்ணு ரெண்டு பிக்சல் வெளிய கசிஞ்சிருக்கும். பக்கத்துல மரக்கலர் இருக்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. மரம் சாம்பல் ஆனதும் பல்ல இளிக்கும். சாச்சுரேஷன ஏத்தினா கசிஞ்சதும் சேந்து ஏறுது

ஃப்ளெக்ஸ் மாமா, 7:03
அக்கா சொல்றது கரெக்ட். வாட்ஸ்அப்ல வந்த படத்துல வேலை பண்ணா அது இன்னும் மோசம். தம்பி, கேமரா ஒரிஜினல்ல தானே பண்ற?

கேரம் தம்பி, 7:04
இல்ல மாமா, குரூப்ல வந்தத டவுன்லோட் பண்ணி 🙈

ஸ்டுடியோ அண்ணன், 7:05
போச்சுடா

ஃப்ளெக்ஸ் மாமா, 7:09
எடுத்தவன் கிட்ட டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லு. பேப்பர் கிளிப் அமுக்கி டாக்குமென்ட், அதுல போட்டோவ செலக்ட் பண்ணணும். கேலரி வழியா அனுப்பினா சுருங்கிடும்.
கணக்கு பாரு. பேனர் 3 அடிக்கு 2 அடி. நீளம் 36 அங்குலம். சாதாரணமா வாட்ஸ்அப்ல வர்ற படம் நீளவாக்குல 1600 பிக்சல் சுமார், அங்குலத்துக்கு 44 தான் விழும். எனக்கு 72 வேணும், அதாவது 2592க்கு 1728. 12 மெகாபிக்சல் போன்ல 4000க்கு 3000 இருக்கும், 3:2க்கு வெட்டினா 4000க்கு 2667. தாராளம்

கேரம் தம்பி, 7:31
ஒரிஜினல் வந்துட்ச்சு. 4000 × 3000. ஒயிட் பேலன்ஸ் பண்ணி மிக்சர் மறுபடி போட்டேன். பொட்டு நெறைய கொறஞ்சுட்ச்சு. ஆனா காயினோட நெழல் பக்கம் பாதி சாம்பலாயிட்ச்சு, பிறை மாதிரி

ஸ்டுடியோ அண்ணன், 7:34
மெஜந்தாவ மைனஸ் 100லேந்து சீரோவுக்கு கொணாந்து பாரு. சிவப்பு சாமான் நெழல்ல மெஜந்தா பக்கம் நவுந்துடும். படத்துல வேற ரோஸ் சாமான் இல்ல, அதனால அத்த தெறந்து வுட்டா ஒண்ணும் ஆவாது. மேல பளபளன்னு வெள்ளையா ஒரு பட்டை கீதே, அது லைட்டோட பிரதிபலிப்பு, அதுல கலரே கிடையாது. அத்த சிவப்பாக்க மெனக்கெடாத

கேரம் தம்பி, 7:36
வந்துட்ச்சுண்ணே. இப்ப வட்டமும் வெரலும் தான் பாக்கி. லைட்ரூம்ல மாஸ்க் போட, அதாவது ஒரு எடத்த மட்டும் தனியா மாத்த, காசு கேக்குதே

ஸ்டுடியோ அண்ணன், 7:37
காசு குடுக்காத. அந்த வேலைய ஸ்நாப்சீட் ஆப்ல முடிச்சுக்கலாம், அது ஃப்ரீ

மூணாவது மாடி அக்கா, 7:39
அண்ணே ஒரு நிமிஷம். அங்க போறதுக்கு முன்னாடி தம்பி இங்கேயே போர்ட கொஞ்சம் இருட்டாக்கிடட்டும். மிக்ஸ்ல ஆரஞ்சு, மஞ்சள் ரெண்டுத்தோட லூமினன்ஸ, அதாவது வெளிச்சத்த, மைனஸ் 20. சாச்சுரேஷன் செத்துப் போனாலும் லூமினன்ஸ் வேலை செய்யும், அது பழைய கலர வெச்சு தான் கணக்கு பண்ணும். போர்டு இருண்டா சிவப்பு தனியா எழுந்து நிக்கும்

ஸ்டுடியோ அண்ணன், 7:40
நல்ல யோசனை. ஆனா கையும் ஆரஞ்சு தான், அதுவும் கூட சேந்து கறுக்கும். மைனஸ் 20க்கும் கீழ எறக்கினா மரத்துல புள்ளி புள்ளியா கிளம்பும். அதோட நிறுத்திக்கோ

ஸ்டுடியோ அண்ணன், 7:52
இப்ப பொறுமையா படி.
லைட்ரூம்ல எக்ஸ்போர்ட், ஜேபிஜி, குவாலிட்டி 100, இருக்கறதுலயே பெரிய சைஸ். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கினு வந்த, ஒதை தான்.
ஸ்நாப்சீட்ல தெற. டூல்ஸ்ல பிளாக் அண்ட் ஒயிட். அதுல நியூட்ரல் மட்டும். கான்ட்ராஸ்ட், ஃபிலிம்லாம் தொடாத, அது சாம்பலையே வேற சாம்பலாக்கும், அப்புறம் காயின சுத்தி வளையம் தெரியும். டிக் போடு.
அப்பால எடிட் அடுக்கு கீதே, வியூ எடிட்ஸ், அத்த தெற. வெர்ஷனுக்கு வெர்ஷன் பட்டன் எடம் மாறும், பேரு அதே தான். பிளாக் அண்ட் ஒயிட்ட தொட்டா பக்கத்துல சின்னதா மூணு ஐகான் வரும், நடுவுல இருக்கிற பிரஷ்ஷ அமுக்கு

கேரம் தம்பி, 7:55
அமுக்கினா கலர் திரும்பி வந்துட்ச்சே, எல்லாம் போச்சா

ஸ்டுடியோ அண்ணன், 7:59
போவல. மாஸ்க் காலியா ஆரம்பிக்கும், எஃபெக்ட் எங்க வேணுமோ அங்க நீ தேய்க்கணும். உனக்கு வேணாத எடம் காயின் ஒண்ணு தான், அதனால படம் பூரா தேய்க்க வாணாம். இன்வர்ட் ஐகான அமுக்கு, மொத்தமும் பிளாக் அண்ட் ஒயிட் ஆயிடும். கீழ நம்பர 100லேந்து 0வுக்கு எறக்கு. இப்ப காயின் மேல தேய், சிவப்பு திரும்பும்.
கண்ணு ஐகான போட்டா எஃபெக்ட் இருக்கிற எடம் பூரா செவப்பா காட்டும். சிவப்பு காயினுக்கு அது குழப்பும், உனக்கு வாணாம், ஆஃப் பண்ணிடு

ஃப்ளெக்ஸ் மாமா, 8:00
பிரஷ் சைஸ் மாத்தற பட்டன் தேடாத, கிடையாது. பிரஷ் ஸ்கிரீன்ல ஒரே அளவு தான். ரெண்டு வெரலால ஜூம் பண்ணா படம் பெருசாவும், பிரஷ் தானா சின்னதாயிடும்

மூணாவது மாடி அக்கா, 8:03
தம்பிக்கு ஓரத்துல நிதானமா போகணும்ங்கிற அவசியமே இல்ல. லைட்ரூம் வேலை ஏற்கெனவே காயின சுத்தி மரத்த சாம்பல் ஆக்கிடுச்சே. பிரஷ் காயின விட்டு ரெண்டு மில்லிமீட்டர் வெளிய போனாலும் அங்க கலர் இல்ல, சாம்பல் மேல சாம்பல். அதுக்குத் தான் அண்ணன் ரெண்டு ஆப்ல பண்ணச் சொல்றாரு. ஒரே ஆப்ல நேரா பிரஷ் போட்டா தான் ஓரத்துல உசுரு போகும்

கேரம் தம்பி, 8:04
அட ஆமாக்கா! அப்ப வட்டம், வெரல் எல்லாம் தானா அடங்கிடுதா

ஸ்டுடியோ அண்ணன், 8:05
காயின தவிர எல்லாத்து மேலயும் இப்ப பிளாக் அண்ட் ஒயிட் ஒக்காந்துக்குது இல்ல, அடங்கிடும்

டெய்லர் அக்கா, 8:11
[படம்]
அண்ணே எம் பொண்ணு பாவாடை போட்டோவுக்கும் இதே மாதிரி பண்ணலாமா? துணி வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட் கடையில வாங்கினது, அரக்கு, பச்சை பார்டர், ஜரிகை. பாவாடை சட்டை மட்டும் கலர்ல

ஸ்டுடியோ அண்ணன், 8:16
இதுக்கு மிக்சர் ஆவாதும்மா. அரக்க வெச்சா பச்சை போயிடும், ஜரிகைய வெக்கணும்னா மஞ்சளும் ஆரஞ்சும் தெறக்கணும், தெறந்தா மொகமும் கூடவே வந்துடும். நேரா ஸ்நாப்சீட் பிரஷ் தான்.
இன்னொண்ணு சொல்றேன், கோச்சுக்காத. துணி மட்டும் கலர்ல வுட்டு பாப்பா மொகத்த சாம்பலாக்கினா உசுரு இருக்காது. பாப்பா மொத்தமும் கலர், பின்னாடி சுவரும் பைக்கும் கேட்டும் பிளாக் அண்ட் ஒயிட். அது நிக்கும்

டெய்லர் அக்கா, 8:18
சரிண்ணே. ஆனா முடி பறக்குதே, ஒவ்வொரு முடியா சுத்தணுமா?

மூணாவது மாடி அக்கா, 8:22
வேணவே வேணாம். முடியே கறுப்பு. அது மேல பிளாக் அண்ட் ஒயிட் ஏறினா யாருக்குத் தெரியப் போகுது? பறக்கிற முடி மேல தைரியமா 100ல தேச்சுட்டு வாங்க. காது, நெத்தி, அப்புறம் அந்த கனகாம்பரம், மூணு எடத்துல மட்டும் நில்லுங்க. மல்லிக்கு ஒண்ணும் ஆகாது, கனகாம்பரம் சாம்பலானா பூ வாடின மாதிரி ஆயிடும்

ஸ்டுடியோ அண்ணன், 8:27
இதுல இன்வர்ட் வாணாம்மா, பின்னணிய 100ல தேச்சுக்கினே வாங்க. பெரிய செவுர ஜூம் பண்ணாம தேச்சுட்டு, ஓரத்துக்கு ஜூம். பாவாடை ஓரத்துல கோடு தாண்டி உள்ள போனாலும் பரவால்ல, சாம்பல் நூலிழை ஓரம் நெழல் மாதிரி தெரியும். வெளிய கலர் விட்டா தான் ஒட்டு வேல மாதிரி ஆவும்.
எல்லாரும் மறக்கிற எடம்: கை இடுப்புல கீது பாருங்க, முட்டிக்கும் ஒடம்புக்கும் நடுவுல முக்கோணம். அதுல பின்னாடி நீல கேட்டு தெரியுது. அத்தயும் தேய்க்கணும். வளையலுக்கு நடுவுலயும் பாத்துக்கோங்க

டெய்லர் அக்கா, 8:29
தரை டைல்ஸ்ல பாவாடை சிவப்பு விழுந்திருக்கே, அது?

ஸ்டுடியோ அண்ணன், 8:31
முழுசா அழிச்சா பாப்பா அந்தரத்துல நிக்கும். நம்பர 50ல வெச்சு ஒரே ஒரு தடவ தேய்ங்க. 75, 50, 25 எல்லாம் அதுக்குத் தான் குடுத்துக்கீறான்

எதிர்வீட்டு மாமி, 8:33
எனக்கு சாம்சங் போன். கேலரி எடிட்லயே ஸ்பாட் கலர்னு இருக்கே, தொட்டா அந்த கலர் மட்டும் நிக்கறதே?

மூணாவது மாடி அக்கா, 8:36
இருக்கு மாமி, நீங்க தொட்ட கலர வெச்சுக்கும். மஞ்சள் ஆட்டோவுக்கு, பச்சை செவுத்துக்கு முன்னாடி இருக்கிற சிவப்பு குடத்துக்கு அருமை. தம்பியோட கேரம் படத்துக்கு வட்டம் பிரச்சினை அங்கேயும் அப்படியே இருக்கும். கூகுள் போட்டோஸ் கலர் பாப் வேற வகை, அது கலர பாக்காது, ஆள பாத்து பின்னணிய சாம்பலாக்கும். போர்ட்ரெய்ட்ல எடுத்த படம்னா நல்லா பிடிக்கும், ஆனா கையில புடிச்சிருக்கிற பொருள அடிக்கடி தின்னுடும்

கேரம் தம்பி, 8:58
[டாக்குமென்ட்]
அண்ணே, மாமா, பாருங்க

ஸ்டுடியோ அண்ணன், 9:04
காயின் சூப்பர். ஆனா ஜூம் பண்ணிப் பாரு, வலது பக்க ஓரத்துல ஒரு பேஸ் வட்டம் இன்னும் லேசா ரோஸா கீது. ஜூம்ல வெரல் இழுக்கும்போது தெரியாம பட்டுட்ச்சு. அடுக்குக்கு போயி மறுபடி அதே பிரஷ், நம்பர் 100, ஒரு தட்டு தட்டு. எடிட் அங்கேயே கீது, முதல்லேந்து பண்ண வாணாம். ஆனா எக்ஸ்போர்ட் ஆன ஃபைல தெறந்தா அடுக்கு இருக்காது, அதனால மாமா ஓகே சொல்ற வரைக்கும் ஸ்நாப்சீட்ட மூடாத

ஃப்ளெக்ஸ் மாமா, 9:07
செட்டிங்ஸ்ல இமேஜ் சைசிங் "டூ நாட் ரீசைஸ்", ஃபார்மட் ஜேபிஜி 100 வெச்சிருக்கியா? இது 1920 தான் வந்திருக்கு

கேரம் தம்பி, 9:15
[டாக்குமென்ட்]
மாத்திட்டேன் மாமா. வட்டமும் அடிச்சுட்டேன். 3:2 வெட்டியும் வெச்சிருக்கேன்

ஃப்ளெக்ஸ் மாமா, 9:20
4000 × 2667, இப்ப சரி. ஸ்கிரீன்ல தெரியுற அந்த சிவப்பு மையில அப்படியே வராது, ஒரு படி மங்கும், சொல்லிட்டேன். அதுக்காக நீ ஏத்தாத, மெஷின்ல நான் பாத்துக்கறேன். சாம்பல் தான் எனக்கு பயம், ஃப்ளெக்ஸ்ல லேசா பச்சை அடிக்கும். ஒரு சாண் துண்டு மொதல்ல ஓட்டிப் பாக்கறேன். எழுத்து என்ன கலர்?

கேரம் தம்பி, 9:21
சிவப்பு மாமா, காயினுக்கு மேட்சா

ஸ்டுடியோ அண்ணன், 9:21
டேய்

மூணாவது மாடி அக்கா, 9:22
இவ்ளோ நேரம் ஒரு காயினுக்காக எல்லா சிவப்பையும் அழிச்சோம்டா

கேரம் தம்பி, 9:23
வெள்ளை மாமா வெள்ளை 🙏

ஃப்ளெக்ஸ் மாமா, 9:24
துண்டு ஓட்டினதும் போட்டோ போடறேன். காலையில கடைக்கு வந்து வெளிச்சத்துல பாத்துட்டு சொல்லு, டியூப்லைட்ல பாத்து ஓகே சொல்லாத