பொஸ்டன் 1770: பட்டாளத்தை எப்பிடிப் பழிச்சுக் கத்தினவை?

வண்ணை மேடை: பள்ளிக்கூட ஆங்கில தினத்துக்கு, 1770இல் அமெரிக்காவின்ர பொஸ்டனில பிரிட்டிஷ் பட்டாளம் சனத்தைச் சுட்ட சம்பவத்தை நாடகமாப் போடினம். சனம் பட்டாளத்தைப் பாத்து "லொப்ஸ்டர்பாக்" (சிங்க இறால் முதுகு) எண்டு கத்துறதாப் பிரதியில கிடக்கு. அந்தக் காலத்துச் சொல்லோ? சிவப்புச் சட்டையாலதான் வந்ததோ?

கரையூரான்: "லொப்ஸ்டர்", "பிளடி பாக்" (இரத்த முதுகு) எண்டு பிரிச்சுக் கத்தவிடுங்கோ. 1770 மார்ச் 5 சம்பவம் பற்றிக் அந்தச் சிப்பாய்மாருக்குத் தலைமை தாங்கின கப்டன் பிரெஸ்டன் எழுதின வாக்குமூலத்தில இந்த ரண்டும் வருது. சேர்ந்த சொல் பிறகுதான் பரவினது.

லொப்ஸ்டர் முதலில சிவப்பால வந்த பேரில்லை. 1643 அளவில, இங்கிலாந்து உள்நாட்டுப் போரில, பாராளுமன்றப் பக்கத் தளபதி ஹேசல்ரிக்கின்ர குதிரைப்படை தகடு தகடாப் பூட்டின இரும்புக் கவசம் போட்டது. சிங்க இறால் ஓடு மாதிரி இருந்ததால அந்தப் பேர். சிவப்புச் சட்டை 1645இல் பாராளுமன்றம் அமைச்ச புதிய மாதிரிப் படையோட (நியூ மொடல் ஆமி) பொதுவாகினது. பேரும் பிறகு அங்க ஒட்டிக்கொண்டுது. உயிரோட இருக்கிற லொப்ஸ்டர் சிவப்பில்லை, அவிச்சாத்தான் சிவக்கும்.

"பிளடி பாக்" எண்டது சட்டை நிறமில்லை, சட்டைக்கு உள்ள இருக்கிற, அடிபட்டு இரத்தம் வடியிற முதுகு. படையில தண்டனை சவுக்கடி, அதுவும் நூற்றுக்கணக்கில. சாஜன்மாரின்ர ஈட்டிகள் மூண்டை முக்கோணமாக் கட்டி, அதில ஆளைக் கட்டி அடிக்கிறது. 1768இல் பட்டாளம் வந்திறங்கின கையோட பொஸ்டன் பொதுத் திடலில எல்லாரும் பாக்கத்தக்கதா அடிச்சவை. அதுதான் இந்தச் சொல்லுக்கு அவ்வளவு குத்து.

சாயவேர்: உடுப்பைப் பற்றியும் ஒண்டு. வாடகைக்கு எடுக்கிற பளபள சற்றின் சிவப்பு சிப்பாய்க்குப் பிழை. அவையின்ர துணி மஞ்சிட்டி இனச் சாயம், வெயிலில செங்கல் நிறமா மங்கும். எங்கட மன்னார், யாழ்ப்பாணச் சாயவேரும் அதே குடும்பம்தான். கொச்சினீல் பூச்சியில எடுத்த பளிச்சென்ற சிவப்பு அதிகாரிக்கு. ஆகவே பிரெஸ்டனுக்கு மட்டும் அதைக் குடுங்கோ. அந்தச் சிப்பாய்மாரின்ர 29ஆம் றெஜிமென்ற்றுக்குக் கொலரும் கைமடிப்பும் மஞ்சள். டிரம்காரருக்கு மாறி, மஞ்சள் சட்டையில சிவப்பு. அவை கறுப்பினத்தவர், சவுக்கடி போடுறதும் அவையின்ர வேலை. அதை விட்டா "பிளடி பாக்" வெறும் வசவாப் போயிடும்.

வண்ணை மேடை: நன்றி. கடைசிக் காட்சியில, பட்டாளம் வருகுதெண்டு ஊர்களுக்கு எச்சரிக்கை சொல்லப் போன போல் ரெவியர் குதிரையில வந்து "பிரிட்டிஷார் வருகினம்" எண்டு கத்துறார். அது சரியோ?

கரையூரான்: அது 1775 ஏப்ரல் 18 இரவு. பொஸ்டன் நாடகத்துக்குள்ள ஏன் வருது? வைக்கத்தான் வேணுமெண்டா "றெகுலர்ஸ் வருகினம்" எண்டு மாத்துங்கோ. அந்த நேரம் குடியேற்றவாசிகளும் தங்களைப் பிரிட்டிஷார் எண்டுதான் நினைச்சவை. "றெகுலர்ஸ்" எண்டா நிரந்தரச் சம்பளப்படை. கத்தவும் தேவையில்லை, வழியில ரோந்துப் படை நிண்டது, கதவைத் தட்டிச் சொல்லட்டும்.