காரைத் தாழ்த்திய பின் புஷ் இறுக்குதல்: ‘சுமைநிலை இறுக்கம்’ என்னும் சொல் பற்றி

அன்புடையீர், வணக்கம்.

குட்டையான ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்திய பின் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) புஷ்களுக்கு, அதாவது அதன் மூட்டிலுள்ள உருளைகளுக்கு, செய்யும் வேலையை ‘உள்ளுறை சரிசெய்தல்’ என்று வழங்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. ஏனெனில் அவ்வேலையில் புஷ்ஷைச் சரிசெய்வதே கிடையாது.

ரப்பர் புஷ்ஷில் உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே இன்னொன்று, நடுவில் இரண்டோடும் வல்கனைஸ் செய்து ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உட்குழல் சட்டத்தோடு பிடிபட்டு நின்றுவிடுவதால், ஆர்ம் ஏறி இறங்கும்போது எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. 300 மி.மீ. நீள ஆர்ம் உள்ள காரை 40 மி.மீ. தாழ்த்திவிட்டுப் போல்ட்டைத் தொடாமல் விட்டால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் ஏறத்தாழ 7.5 டிகிரி முறுகியிருக்கும். ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால் முறுக்கு இன்னும் கூடும். அப்படி ஓடும் புஷ் வெகு சீக்கிரம் வெடித்துக் கிழியும். போல்ட்டைத் தளர்த்தி, சக்கரங்களைச் சாய்தளத்தில் இறக்கி, வண்டியை இரண்டு முறை அமுக்கிவிட்டு, அதன் பின்னரே குறித்த முறுக்குவிசையில் இறுக்க வேண்டும்.

ஆகவே இதற்குச் ‘சுமைநிலை இறுக்கம்’ என்பதை முன்வைக்கிறேன். தவறான முறைக்குத் ‘தொங்குநிலை இறுக்கம்’ என்ற இணைச்சொல் தானாகவே கிடைத்துவிடுகிறது. ‘சுமைநிலை’க்கு மாற்றாக ‘அமர்நிலை’ என்பது செவிக்கு இனியதுதான். ஆனால் ஸ்பிரிங் தளர்ந்த காரைத்தான் பட்டறையில் ‘வண்டி உட்கார்ந்துவிட்டது’ என்கிறார்கள். சுமை என்றால் சரக்கு என்று தோன்றாதா எனக் கேட்கலாம். அப்படித் தோன்றினாலும் பெரிய பிழையில்லை: பழைய பி.எம்.டபிள்யூ கையேடுகள் முன் இருக்கை ஒவ்வொன்றிலும் 68 கிலோ வைத்த பிறகே இறுக்கச் சொல்கின்றன. தங்கிவிட்ட முறுக்குக்கு ‘எஞ்சுமுறுக்கு’ போதும்.

காரின் ‘சஸ்பென்ஷன்’ என்பதற்கு ‘இடைநீக்கம்’ என்பதை மட்டும் தயவுசெய்து இங்கே கொண்டுவர வேண்டாம். அது அரசு ஊழியருக்கு நேர்வது, காருக்கு அன்று. புஷ் என்பதும் புஷ்ஷாகவே இருக்கட்டும், கடையில் வேறு பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்காது.

பாலியூரிதேன் புஷ்ஷில் உட்குழல் ஒட்டப்படாமல் தனியே சுழல்வதால் அதில் எஞ்சுமுறுக்கு தங்காது. கிரீஸ் தடவினால் போதும். எனவே சொல்விளக்கத்தில் ‘ஒட்டுரப்பர் புஷ்களுக்கு மட்டும்’ என்ற வரையறையைச் சேர்க்க வேண்டுகிறேன்.