திருமங்கலம் பக்கம் 4 சென்ட்: பேஸ்மென்ட்டை இப்போதே போட்டுவிட்டு மூன்று வருஷம் நிறுத்தலாமா?

கேள்வி | சுந்தரி_கள்ளிக்குடி

வணக்கம். திருமங்கலத்திலிருந்து கள்ளிக்குடி போகிற வழியில் 40க்கு 43.5 அடி மனை, ஏறக்குறைய 4 சென்ட். பட்டா எங்கள் பெயருக்கு மாறிவிட்டது. 900 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கட்ட ஆசை. இது இன்று நேற்று வந்த ஆசை இல்லை. கேட்ட இடத்தில் சதுர அடிக்கு 2,200 ரூபாய் சொல்கிறார்கள், ஆக மொத்தம் 19.8 லட்சம். கையில் 4.5 லட்சம் இருக்கிறது. மாதம் 15,000 ஒதுக்க முடியும். இருப்பது அம்மா வீட்டில், வாடகை கிடையாது.

முழுக்கடன் வாங்கப் பயமாக இருக்கிறது. அதனால் இந்த வருஷம் பேஸ்மென்ட் (தரை உயரம் வரைக்குமான அடித்தளம்), மூன்று வருஷம் கழித்துச் சுவரும் தளமும், அதற்குப் பிறகு பூச்சு என்று கட்டம் கட்டமாகப் போகலாம் என்று யோசனை. எந்த இடத்தில் நிறுத்தினால் கட்டடம் கெடாது? பில்லர் கம்பி அத்தனை நாள் வெளியே நிற்கலாமா?

பதில் 1 | மேலூர் மேஸ்திரி

தங்கச்சி, எந்த மண்ணுன்னு சொல்லவே இல்லையே. எங்க மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துச் செம்மண் சரளைன்னா பேஸ்மென்ட்டோட நிறுத்துறது நல்லதுன்னுதான் சொல்லுவேன். புரட்டாசிக்குள்ள பெல்ட் (தரை உயரத்துல சுத்தி ஓடுற கான்கிரீட் பீம்) போட்டு உள்ள மண்ணு நிரப்பிட்டா, ஐப்பசி கார்த்திகை மழையை வாங்கித் தானா அமந்துக்கிடும்.

ஆனா நிரப்புற முறை முக்கியம். அரை அடி மண்ணு, தண்ணி, திமிசுக் கட்டையால இடி, அப்புறம் அடுத்த அரை அடி. ஜேசிபி வச்சு ரெண்டரை அடியையும் ஒரே நாள்ல தள்ளிவிட்டா மேல மட்டும் இறுகி அடியில பொலபொலன்னு கெடக்கும். குடி போய் ரெண்டு வருஷத்துல சுவர் ஓரமா டைல்ஸ் இறங்கும். அப்ப டைல்ஸ்காரனைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

கறையான் மருந்தை இப்ப அடிச்சுப்புடாதீங்க. வெயில்லயும் மழையிலயும் திறந்து கெடந்தா வீணாப் போயிரும். தரைக் கான்கிரீட் போடுறதுக்கு ஒட்டி அடிக்கணும். குளோர்பைரிபாஸ் 20 ஈசி ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணி, சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல். கையுறை இல்லாம யாரையும் அடிக்க விடாதீங்க. கம்பிக்குச் சிமெண்ட் பால் அடிச்சு விட்டாப் போதும்.

பதில் 2 | கட்டட எஞ்சினியர், நாகமலை

மேஸ்திரி அண்ணன் சொன்ன மண் நிரப்பும் முறை நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டிப் பக்கம் பெரும்பாலும் கரிசல். அங்கே பேஸ்மென்ட்டோடு நிறுத்துவதுதான் இருப்பதிலேயே மோசமான இடம்.

கரிசல் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும் நிலம் கார்த்திகையில் மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பல் கீழிருந்து மேலே தள்ளும். முழு வீட்டின் பாரம் மேலே இருந்தால் ஓரளவு அழுத்திப் பிடிக்கும். வெறும் பெல்ட்டும் நாலு வரிசைக் கல்லும் மட்டும் இருந்தால் பிடிக்க ஆள் இல்லை. மூன்று மழை, மூன்று கோடை தாண்டும்போது ஒரு மூலை எழும்பி ஒரு மூலை இறங்கி, நீங்கள் சுவர் எழுப்பப் போகும்போதே பெல்ட்டில் விரிசல் இருக்கும். செம்மண்ணில் காத்திருப்பு மண்ணை அமர்த்தும். கரிசலில் பெல்ட்டை உடைக்கும்.

ஆகவே முதலில் மண்ணைப் பாருங்கள். மனையின் எதிரெதிர் மூலைகளில் 6 அடி ஆழத்துக்கு இரண்டு குழி தோண்டச் சொல்லுங்கள். கறுப்பு எத்தனை அடியில் முடிகிறது, கீழே என்ன வருகிறது என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அந்த மண்ணை ஆய்வகத்தில் கொடுத்து 'ஃப்ரீ ஸ்வெல்' பாருங்கள் என்றால் போதும். சலித்த மண் 10 கிராமைத் தண்ணீரில் ஒரு குடுவை, மண்ணெண்ணெயில் ஒரு குடுவை என்று 24 மணி நேரம் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் உள்ள மண்ணின் கன அளவு மண்ணெண்ணெயில் உள்ளதைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதுதான் உப்பல் சதவீதம். 50க்குக் கீழே என்றால் பயம் குறைவு. 100ஐத் தாண்டினால் சாதாரணக் கடைக்கால் பற்றிப் பேசவே வேண்டாம். அடியில் குமிழ் வைத்து ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண், அதாவது அண்டர்ரீம்டு பைல்தான். ஆழமான கரிசலில் அது குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும்.

கம்பி விஷயத்தில் அண்ணனோடு உடன்பட முடியாது. சிமெண்ட் பால் சில மாதத்துக்குத் தாங்கும். மூன்று வருஷத்துக்குத் தாங்காது, உதிர்ந்துவிடும். மேலே தெரியும் ஆரஞ்சுத் தூள் பெரிய ஆபத்து இல்லை. கான்கிரீட்டை விட்டுக் கம்பி வெளியே வருகிற அந்த ஓர் அங்குலத்தைக் குனிந்து பாருங்கள். மழைத்தண்ணீர் அங்கேதான் தேங்கும், அங்கேதான் கம்பி குழி விழுந்து அரிக்கும். நீண்ட காலம் நிறுத்துவதானால் ஒவ்வொரு பில்லர் கம்பியையும் சுற்றிச் செங்கல் கட்டி, உள்ளே 1:4:8 லீன் கான்கிரீட் (சிமெண்ட் குறைந்த கலவை) ஊற்றி முழுக்க மூட வேண்டும். பிறகு உடைத்து எடுப்பது எளிது. திறக்கும்போது கம்பி செதில் செதிலாக உரிந்தால் அதோடு புதுக்கம்பியை ஒட்டு வைக்கக் கூடாது. துளையிட்டு ரசாயனப் பசையில் புதுக்கம்பி பதிக்க வேண்டிவரும். ஒட்டுக்கான நீளம் பொதுவாகக் கம்பி விட்டத்தைப் போல் 50 மடங்கு வைப்போம்: 12 மி.மீ.க்கு 60 செ.மீ., 16 மி.மீ.க்கு 80 செ.மீ.

சுருக்கமாக, உங்கள் மண்ணில் நிறுத்தக்கூடிய இடம் இரண்டே. ஒன்று, வானம் (அடித்தளக் குழி) தோண்டுவதற்கு முன். இன்னொன்று, கூரைத் தளம் போட்டு, கைப்பிடிச் சுவர் கட்டி, மேலே சுருக்கியும் (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை) தட்டோடும் பதித்த பிறகு. பாதிச் சுவர், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பீம்) மட்டம், ஓடு பதிக்காத மொட்டைத் தளம், இவை எல்லாம் மழைக்குத் திறந்த வாய்.

பதில் 3 | வரவு_செலவு

எஞ்சினியர் சார் சொன்னபடி அடித்தளம் முதல் கூரை வரை ஒரே வீச்சில் என்றால் பணக்கணக்கு இப்படி வரும். பலர் தளம் போட்டதும் வீடு முடிந்தது மாதிரி நினைப்பார்கள். உண்மையில் ஏறக்குறைய பாதிப் பணம் அதற்குப் பிறகுதான். உங்கள் 19.8 லட்சத்தில் கூரை வரை 10.5, மிச்ச வேலைக்கு 9.3 என்று வைத்துக்கொள்வோம்.

4.5 லட்சத்தை 6.5 சதவீத வட்டியில் மூன்று வருஷம் போட்டால் சுமார் 5.45 லட்சம். மாதம் 15,000 ஆர்டி, அதே வட்டி, 36 மாதத்தில் சுமார் 5.95 லட்சம். ஆக 11.4. இதற்குள் விலைவாசி வருஷம் 5 சதவீதம் ஏறினால் 10.5 என்பது 12.15 ஆகியிருக்கும். பற்றாக்குறை 75,000. இன்னும் ஐந்து மாதம், அவ்வளவுதான்.

பூச்சு முதலான அந்த மிச்ச வேலை அப்போது சுமார் 11 லட்சம் வரும். அதற்கு மட்டும் 10 லட்சம் கடன், 9 சதவீதம், 10 வருஷம் என்றால் இஎம்ஐ 12,668. நீங்கள் ஏற்கெனவே ஒதுக்கிப் பழகிய 15,000க்குள் அடங்கும். வட்டி மொத்தம் 5.2 லட்சம். விலையேற்றத்தால் கூடுதலாகப் போவது மூன்றரை லட்சத்துக்குள். இதையே இன்று 15.3 லட்சம் கடன் எடுத்து 20 வருஷம் கட்டினால் இஎம்ஐ 13,766, வட்டி மட்டும் 17.7 லட்சம். மாதம் 15,000 கட்டிச் சீக்கிரம் முடித்தாலும் 16 வருஷம், வட்டி 13.8 லட்சம்.

இந்தக் கணக்கு வாடகை இல்லாதவருக்கு. மாதம் ஆறாயிரம் ஏழாயிரம் வாடகை கொடுப்பவர் இதைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அவர் வாடகையையும் சேர்த்து இஎம்ஐயில் போட்டால் கடன் ஏறக்குறைய பாதிக் காலத்தில் முடியும். அவருக்குப் பொறுமையே நஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. பாதியில் நிற்கும் கட்டடத்துக்கு வங்கி கடன் தரும், ஆனால் அனுமதி பெற்ற வரைபடமும், கட்டியது அந்த வரைபடப்படியும் இருக்க வேண்டும். நடுவில் ஒரு அறையைத் தள்ளிப் போட்டீர்கள் என்றால் அங்கே மாட்டும்.

சுந்தரி_கள்ளிக்குடி

எல்லோருக்கும் நன்றி. குழி தோண்டிப் பார்த்துவிட்டோம். இரண்டு மூலையிலும் 5 அடி வரை கரிசல், அதன் கீழே வெளுத்த சுக்கான் (சுண்ணாம்புக் கல் மண்), கடப்பாரை கஷ்டப்பட்டுத்தான் இறங்குகிறது. அப்படியானால் காத்திருப்பதுதான். இரண்டு சந்தேகம். இப்போதைய விலைக்கே சிமெண்ட், கம்பி முன்பணம் கட்டி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், செய்யலாமா? இந்த மூன்றரை வருஷத்தில் மனையில் செய்து வைக்கக்கூடிய வேலை ஏதும் உண்டா? சும்மா கிடந்தால் 'எப்ப கட்டப்போற' என்று கேட்டே கொன்றுவிடுவார்கள்.

கட்டட எஞ்சினியர், நாகமலை

5 அடியில் சுக்கான் என்பது நல்ல செய்தி. பைல் இல்லாமலே முடியலாம். பில்லர் அடியைக் கரிசலைத் தாண்டிச் சுக்கானுக்குள் உட்கார வையுங்கள். தோண்டிய கரிசலையே குழிக்குள் திரும்பப் போடாமல் கிராவல் போட்டு இறுக்குங்கள். பெல்ட்டுக்கு அடியில் மண் தொடாதபடி 3 அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்கள். உப்பும் மண் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஆய்வக முடிவு வந்ததும் உங்கள் பொறியாளர் அளவை முடிவு செய்யட்டும்.

சிமெண்ட் வேண்டவே வேண்டாம். மூட்டையிலேயே மூன்று மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு வலிமை போய்விடும். கம்பியும் திறந்த மனையில் கிடந்தால் துரு, இல்லையென்றால் திருட்டு. கடைக்காரரிடம் முன்பணம் என்பது அவருக்கு நீங்கள் கொடுக்கும் வட்டியில்லாக் கடன். டைல்ஸும் அப்படித்தான்: இரண்டு தடவையாக வாங்கினால் நிறம் ஒத்துவராது, கடைசியில் ஒரே பேட்சில் 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம்.

வரைபட அனுமதிக்கும் இப்போது ஓட வேண்டாம். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் 2024 முதல் இணையத்தில் சுயசான்று முறையிலேயே வாங்கலாம். அனுமதிக்குக் காலாவதி உண்டு, ஆகவே வேலைக்கு ஆறு மாதம் முன்பு போதும்.

போர்வெல் போடும் நாளில் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. உப்புத் தண்ணீரானால் கலவைக்கு லாரித் தண்ணீர்தான்.

மேலூர் மேஸ்திரி

கம்பி விஷயத்துல சார் சொன்னதை ஒத்துக்கிடுறேன். நான் சொன்னது ஒரு மழைக்காலத்துக்கு.

மனையில செய்ய வேலை இருக்கு தங்கச்சி. சர்வேயரை வச்சு நாலு மூலையும் அளந்து கல்லு ஊனுங்க. சுத்தி 167 அடி வருது. 8 அடிக்கு ஒரு கல்லுக்கால்னா 21 கால். 7 அடிக் கால்ல 2 அடி மண்ணுக்குள்ள போகணும், கரிசல்ல அதுக்கும் குறைஞ்சாச் சாஞ்சிரும். நாலு வரிசை முள்கம்பிக்கு 205 மீட்டர் ஆகும், முறுக்குக்குக் கொஞ்சம் கூட வாங்குங்க. வருஷா வருஷம் ஆவணியில சீமைக்கருவேலைத் தூரோட எடுத்துருங்க, வெட்டி மட்டும் விட்டா மறுபடி துளுக்கும். வேம்பு, புங்கைன்னு நிழலுக்கு வைக்கிறேன்னு கிளம்பாதீங்க. 4 சென்ட்ல பெரிய மரம் வச்சா வேர் கரிசல் ஈரத்தை உறிஞ்சி ஒரு பக்கம் மட்டும் மண்ணை இறக்கும். கார்த்திகையில அடைமழை விட்ட மறுநாள் போயி தண்ணி எங்க நிக்குது, எந்தப் பக்கம் ஓடுதுன்னு போட்டோ எடுத்து வையுங்க. பேஸ்மென்ட் உசரத்தை அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

வேலை தொடங்கும்போது தையில வானம் தோண்டுங்க. தளம் சித்திரைக்குள்ள விழுந்துரணும். ஆனா அழகர் ஆத்துல இறங்குற வாரம் தளம் போட நாள் குறிக்காதீங்க, ஆளு வராது, தண்ணி தேக்க நாதி இருக்காது. அந்த வெயில்ல விடியக்காலை ஆரம்பிச்சு வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். இறுகினதும் ஈரச்சாக்கு, மறுநாள் பாத்தி கட்டித் தண்ணி, பத்து நாளைக்குக் குறையக் கூடாது. சென்ட்ரிங் பலகையை 14 நாளைக்கு முன்னால தொட விடாதீங்க, பீமுக்கு அடிமுட்டு இன்னும் ஒரு வாரம் நிக்கட்டும்.

முன்கூட்டி வாங்குனா லாபம்னு ஒண்ணு இருக்குன்னா அது மரம். வாசல் நிலைக்கும் கதவுக்கும் வேங்கையோ தேக்கோ இப்பவே அறுத்து வாங்கி வையுங்க. பலகை ஓர் அங்குலக் கனத்துக்குக் காய ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிக்கும், நிலைச்சட்டத்துக்கு இன்னும் கூட. கட்டையைத் தரையில படுக்கப்போடாம செங்கல் மேல ஏத்தி, வரிசைக்கு வரிசை நடுவுல ஓர் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வச்சு அடுக்கணும். ரெண்டு முனையிலயும் பெயின்ட் அடிச்சு விடுங்க, இல்லைன்னா முனை முதல்ல காஞ்சு வெடிக்கும். நிழல்ல காத்து ஓடுற இடமா இருக்கணும், உங்க அம்மா வீட்டுத் தாழ்வாரம் போதும்.